கற்றாழை: புகழும் பக்குவமும்

தமிழ்த்துறை மலரில் கற்றாழைக்கு என்ன வேலை என்று வினவுவோர் இருப்பர். தாவரவியல் துறையாரோ மருத்துவரோ எழுத வேண்டியதை நாம் ஏன் கையில் எடுத்தோம் என்னும் ஐயம் நியாயமானதே. சொல்லையும் பொருளையும் சேர்த்துக் கற்பிப்பது தமிழாசிரியர் கடன் என்பது ஒரு விடை. கற்றாழையைக் குறித்து இன்று நம் மாணவ மாணவியரிடையே வழங்கும் செய்திகளுள் பெரும்பகுதி, சொல் மட்டும் நின்று பொருள் கழன்று போனவை என்பது மற்றொரு விடை. புகழ் எஞ்சியிருக்கிறது, பக்குவம் போய்விட்டது. அதனைப் பற்றியே ஈண்டுப் பேச விழைகின்றோம்.

மேலூர் வட்டத்தின் வடபால், மதுரை - திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த கொட்டாம்பட்டியை இம்மலரைப் படிப்போர் பெரும்பாலும் அறிவர். அவ்வூர்ப் பக்கத்திலிருந்து நம் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் ஆண்டுதோறும் உண்டு. கருங்காலக்குடி தாண்டி வடக்கே செல்லச் செல்லப் பாறையும் சரளையும் விரவிய நிலம். மழை பெய்தால் பச்சை, பெய்யாவிடில் வெயில். அந்நிலத்தில் வேலியோரத்திலும் கிணற்று மேட்டிலும் கற்றாழை தானே கிடக்கிறது. அதை யாரும் நீரூற்றி வளர்ப்பதில்லை. பகலெல்லாம் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில் மட்டும் திறந்து மூச்சு வாங்கும் செடி அது. உள்ளே சேர்த்த நீரை எளிதில் இழப்பதில்லை. கோடையில் ஆடு கடிக்கப் புல் இல்லாத இடத்திலும் அதன் மடல் தடித்து நிற்பதன் காரணம் இதுவே.

சொல்லிலிருந்து தொடங்குவோம். கல் + தாழை என்பது கற்றாழை ஆயிற்று. லகர மெய்யும் தகரமும் புணர்ந்து இரு றகரமாய்த் திரிந்தமை முதலாண்டு மாணவரும் அறிந்த விதி. கள் + தாழை எனக் கொண்டால் கட்டாழை என்றன்றோ வந்திருக்க வேண்டும்? கடற்கரைத் தாழையைப் போல ஓரத்தில் முள்ளுடைய நீண்ட மடல், நிற்பதோ கல்நிலம். பெயரிட்டவர் செடியையும் பார்த்திருக்கிறார், அது நிற்கும் இடத்தையும் பார்த்திருக்கிறார்.

ஆனால் ஒரு பெயருக்குள் பல செடிகள் ஒளிந்துகொள்வது நம் மொழியில் புதிதன்று. இருப்புப்பாதை ஓரங்களில் ஆள் உயரத்திற்கு வளர்ந்து, நார் எடுக்கப் பயன்படும் இரயில் கற்றாழை, ஆனைக்கற்றாழை என்பவை அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த வேறு இனம். அவற்றின் சாறு தோலில் பட்டால் அரிப்பும் கொப்புளமும் உண்டாகும். மேனிக்கு ஆவது சோற்றுக்கற்றாழை ஒன்றே. மடலைப் பிளந்தால் உள்ளே சோறு போல வெண்மையாய்த் திரண்டிருப்பதால் அப்பெயர். கற்றாழை பூசி முகம் வெந்தது என்று சொல்வோரிடம், எந்தக் கற்றாழை என்று முதலில் கேட்க வேண்டும்.

மருத்துவ நூலோர் இதனைக் குமரி என்றும் கன்னி என்றும் வழங்குவர். வடமொழியிலும் இது குமாரியே. குமரி எண்ணெய், குமரி லேகியம் என்பன சித்த மருத்துவக் கடைகளில் இன்றும் கிடைக்கும். இளமை மாறாமல் வைப்பது என்னும் கருத்தில் இப்பெயர் வந்தது என்பர். மூப்படையாதது செடியா, செடியைக் கைக்கொண்டவரா என்பதைப் பெயர் தெளிவாகச் சொல்லவில்லை. விளம்பரக்காரர் இரண்டாவதை எடுத்துக்கொண்டனர். நமக்கோ முதலாவதே மெய்யெனத் தோன்றுகிறது. வேரோடு பிடுங்கி வாசல் நிலையில் தலைகீழாகக் கட்டினாலும் மாதக்கணக்கில் பசுமை மாறாது நிற்கும் செடியைக் குமரி என்னாமல் வேறு என்னென்பது?

வாசலில் கட்டும் வழக்கம் நம்மூர்க் கண்ணேறு கழித்தலோடு நின்றுவிடவில்லை. எகிப்தியர் வாழ்க்கை முறை பற்றி எட்வர்ட் லேன் என்னும் ஆங்கிலேயர் எழுதி 1836இல் வெளியான நூலில், கெய்ரோ நகரத்து வீட்டு வாசல்களில் கற்றாழை தொங்கவிடப்பட்டிருந்தமையும், மண்ணும் நீருமின்றி அது நெடுநாள் வாழ்வதைக் கண்டு மக்கள் அதனை வாழ்நாள் நீட்சிக்கு அறிகுறியாகக் கொண்டமையும் பதிவாகியுள்ளன. மேலூர்ப் பக்கத்து வாசலும் கெய்ரோ வாசலும் ஒரே செடியை ஒரே காரணத்திற்காகக் கட்டியிருப்பது வியப்பன்று. செடியே அத்திசையிலிருந்து வந்ததுதான். சோற்றுக்கற்றாழையின் தாயகம் அரபுத் தீபகற்பம் என்பதை 2015இல் வெளிவந்த மரபியல் ஆய்வு வலியுறுத்துகிறது. ஏடனுக்குக் கிழக்கே கடலில் கிடக்கும் சுகுத்ராத் தீவின் கற்றாழைப் பால் பழங்காலந்தொட்டு வணிகப் பொருள். அப்பாலுக்காகவே அத்தீவைக் கைப்பற்றும்படி அரிஸ்டாட்டில் தம் மாணவர் அலெக்சாந்தருக்குச் சொன்னார் என்றொரு கதையை அரபுப் புவியியலாளர் எழுதி வைத்துள்ளனர். கதை கதையாக இருக்கட்டும்; கதை கட்டும் அளவிற்கு அப்பொருளுக்கு விலை இருந்தது என்பது உண்மை.

அரபு மொழியில் கற்றாழைப் பாலுக்கு ஸபிர் என்று பெயர். பொறுமையைக் குறிக்கும் ஸப்ர் என்னும் சொல்லும் அதே வேரினது. 'சபுர் செய்' என்று நம் இல்லங்களில் அன்றாடம் வழங்கும் சொல் இதுவே. கசப்பை விழுங்குவதும் பொறுமை காப்பதும் ஒரே வேர்ச்சொல்லில் நின்றமை எண்ணத்தக்கது. அச்சொல்லிலிருந்து கிளைத்த முஸப்பர் என்பது பாரசீகம், உருது வழியாக வந்து தமிழில் மூசாம்பரம் ஆயிற்று. நாட்டு மருந்துக் கடையில் கரியபோளம் என்று கேட்டாலும் மூசாம்பரம் என்று கேட்டாலும் கறுத்துக் கட்டியாய்க் கிடைக்கும் அப்பொருள், கற்றாழை மடலிலிருந்து வடிந்த மஞ்சள் நீரைக் காய்ச்சி உறைய வைத்ததேயாகும். பால்குடி மறக்கடிக்கத் தாய்மார் அதனை மார்பில் தடவுவர். குழந்தை ஒரு முறை நாவை வைத்தால் மறுமுறை வராது. கை கால் சுளுக்கிற்கு அதனைப் பற்றுப் போடுவதும் உண்டு. இப்பெயருக்குள் பொறுமை இருப்பதை அறியாமலே தலைமுறை தலைமுறையாய் வழங்கி வந்திருக்கிறோம்.

முகப் பொலிவுக்கும் கற்றாழைக்கும் உள்ள உறவு அழகுநிலையங்கள் கண்டுபிடித்ததன்று என்பதற்கு ஒரு பழஞ்செய்தி உண்டு. அபூதாவூத், நஸாயீ ஆகிய தொகுப்புகளில் அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களைப் பற்றிய அறிவிப்பு ஒன்று காணப்படுகிறது. கணவர் அபூ ஸலமா (ரலி) மறைந்து, துக்கம் காக்கும் நாள்களில் அன்னையார் ஸபிர் இட்டிருந்ததை நபிகள் நாயகம் (ஸல்) கண்டு, அது முகத்தைப் பொலியச் செய்வதாகையால் இரவில் மட்டும் இட்டுப் பகலில் அகற்றிவிடும்படி கூறினார்கள் என்பது அதன் சாரம். இதன் அறிவிப்பாளர் தொடரைப் பலவீனமானது எனக் கொள்ளும் அறிஞரும் உளர். ஆதலின் சட்டம் கூறுவதற்காக இதனை நாம் எடுக்கவில்லை. ஸபிர் முகத்திற்குப் பொலிவு தரும் என்பது அந்நாளில் தெரிந்த செய்தி என்பதும், அப்பொருளுக்கும் காலம், நிலை, அளவு என்பவை பார்க்கப்பட்டன என்பதுமே நாம் கொள்ளும் பொருள்.

இனிப் பக்குவத்திற்கு வருவோம். எம் தாய்வழிப் பாட்டியார் - வீட்டில் நன்னி என்போம் - கற்றாழை எடுக்கும் முறையை அருகிலிருந்து பலமுறை கண்டிருக்கின்றோம். குருத்தைத் தொடமாட்டார்; முற்றித் தடித்த வெளிமடலையே அடியோடு ஒட்ட அறுப்பார். அறுத்ததை உடனே சீவுவதும் இல்லை. வெட்டுவாய் கீழே இருக்கும்படி ஒரு கிண்ணத்தில் சாய்த்து நிறுத்திவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். பிள்ளைகள் நாங்கள் அவசரப்பட்டால், "மஞ்சத் தண்ணி வடியட்டும் கண்ணு, இல்லாட்டி அரிக்கும்" என்பார். கால் மணி நேரம் சென்றபின் கிண்ணத்தடியில் மஞ்சளாய்ச் சிறிது நீர் தேங்கியிருக்கும். மூக்கருகே கொண்டுசென்றால் ஒரு நெடி. அதைக் கொட்டிவிட்டு, முள்ளோரத்தை இருபுறமும் சீவி, மேல்தோலைத் தடிப்பாகவே எடுத்து, உள்ளிருக்கும் சோற்றைத் துண்டாக்கி ஏழு தண்ணீரில் அலசுவார். ஏழாவது நீரில் கைக்கு வழுவழுப்பு இருக்கும், நாவுக்குக் கசப்பு இராது. அதன் பிறகே அது தோலுக்கோ தலைக்கோ போகும்.

இந்த ஏழு நீர்க் கணக்கை வெறும் சடங்கு என்று எண்ணிய படித்தவர்கள் உண்டு. மடலைக் குறுக்கே வெட்டி உற்றுநோக்கினால் சடங்கில்லை என்பது புலனாகும். மேலே பச்சைத் தோல். தோலை ஒட்டி உள்ளே மெல்லிய குழாய்களின் வரிசை. மஞ்சள் பால் அங்கேதான் ஓடுகிறது. அதற்கும் உள்ளே நிறமற்ற சோறு. பாலில் உள்ள கசப்புப் பொருளான அலோயினை எடின்பரோ நகரத்து ஸ்மித் சகோதரர்கள் 1851இல் பிரித்தெடுத்தனர். கடும் பேதியை உண்டாக்குவது அதுவே. மெல்லிய தோலில் எரிச்சலைத் தருவதும் அப்பாலே. சோற்றிலோ நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் நீர். எஞ்சிய சிறுபங்கில் அசிமன்னான் முதலிய சர்க்கரைத் தொடர்ப் பொருள்கள். வழுவழுப்பு இவற்றால் வருவது. ஆக, ஒரே மடலில் விரலகல இடைவெளி கூட இல்லாமல் மருந்தும் எரிச்சலும் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டையும் பிரிக்கத் தெரிந்தவர் நன்னி. அவர் கருவி ஒரு கிண்ணமும் ஏழு தண்ணீரும்.

ஈராண்டுகளுக்கு முன் நம் துறை மாணவி ஒருத்தி கன்னம் இரண்டும் சிவந்து தடித்த நிலையில் வகுப்பிற்கு வந்தாள். காரணம் கேட்டபோது, கைப்பேசியில் பார்த்தபடி மடலை அறுத்த கையோடு தோலுடன் முகத்தில் தேய்த்து, இரவு முழுவதும் விட்டதாகச் சொன்னாள். மறுவாரம் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதைத் தோழி ஒருத்தி சொல்லித் தெரிந்துகொண்டோம். தோல் மருத்துவரிடம் போய் இரண்டு வாரத்தில் தணிந்தது. அவள் பார்த்த படத்தில் கற்றாழையின் பெருமைகள் இருபது சொல்லப்பட்டனவாம். மஞ்சள் நீர் வடிய வேண்டும் என்ற ஒன்று சொல்லப்படவில்லை. புகழைச் சொல்ல அரை நிமிடம் போதும். பக்குவத்தைச் சொல்லக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். அத்தனை நேரம் படத்தின் முன் யாரும் அமரமாட்டார் என்பது எடுப்பவருக்குத் தெரியும்.

அப்படியாயின் கற்றாழை தோலுக்கு என்னதான் செய்கிறது? அடக்கமாகச் சொன்னால், நல்லதைச் செய்கிறது. வெயிலில் காய்ந்து எரியும் தோலுக்குக் குளிர்ச்சி தருகிறது. வறண்ட தோலில் சிறிது நேரம் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது; அதன்மேல் ஏதேனும் எண்ணெய்ப் பூச்சு இட்டால் அந்த ஈரம் நீடிக்கும். அடுப்படியில் பட்ட சிறு சுடுகாயத்தின் எரிச்சலைத் தணிக்கிறது. எக்ஸ் கதிர் பட்டுப் புண்ணான தோலுக்குப் பச்சை மடலைப் பயன்படுத்திக் குணம் கண்டதாக அமெரிக்க மருத்துவ இதழில் 1935இல் வெளியான செய்தியே மேலைநாட்டினர் கண்ணை இச்செடிமீது திருப்பியது. அன்று தொடங்கிய ஆய்வுகள் இன்றும் ஒருமுகப்படவில்லை. செதில் உதிரும் சொரியாசிஸ் நோயில் 1996இல் அறுபது பேரிடம் நடத்திய சோதனையில் கற்றாழைக் களிம்பு பூசியோருள் நூற்றுக்கு எண்பத்து மூவர் குணமடைந்தனர் என்றார்கள். 2005இல் டென்மார்க்கில் அதே நோய்க்குச் செய்த சோதனையில் வெறுங்களிம்பைவிட அது மேலானதாக இல்லை. சுடுகாயம் ஆறும் காலம் ஏறத்தாழ ஒன்பது நாள் குறைவதாக 2007இல் ஒரு தொகுப்பாய்வு கூறிற்று. புண்களைப் பற்றி 2012இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வோ உறுதியாகச் சொல்லத் தக்க தரமான சான்றுகள் போதவில்லை என்றது. இவற்றை எல்லாம் வைத்து நோக்கின், கற்றாழையை வீட்டுத் துணை என்று கொள்ளலாம். நோய் தீர்க்கும் மருந்து என்று கொள்ள இடமில்லை. நம் மரபும் குமரியைத் தனியே நிறுத்தியதில்லை. எண்ணெயோடும் பிற சரக்குகளோடும் காய்ச்சியே வழங்கியது.

ஆனால் ஒன்றை அது ஒருபோதும் செய்வதில்லை. கறுத்த தோலை வெளுப்பாக்குவதில்லை.

இதனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கற்றாழையைத் தேடும் இளையோர் பலரும் உண்மையில் தேடுவது வெளுப்பை. அவர்களைத் தேட வைப்பவர்கள் பெரியவர்களாகிய நாமே. பெண் பேசும் இடங்களில் படிப்பு, குணம், குடும்பம் அனைத்தும் பேசி முடித்தபின், "கொஞ்சம் நிறம் கம்மி" என்று தாழ்ந்த குரலில் ஒரு சொல் விழுகிறது. நிறத்தால் ஒருவர்க்கொருவர் உயர்வில்லை என்று இறுதிப் பேருரையில் கேட்ட சமுதாயத்தில் அச்சொல் எப்படி விழுகிறது? மூத்தோர் பொறுத்தருள்க. தமிழ் படித்தவர்களும் இதற்குத் துணை போகின்றனர் என்பது இன்னும் வருத்தம். சங்கப் புலவர் தலைவியின் அழகை மாமை என்றனர். மாந்தளிர் போன்ற கருமை கலந்த பளபளப்பு அது. அது நீங்கி மேனி வெளிறுவதைப் பசலை என்றனர். பிரிவால் வந்த நோய் என்றே பாடினர். அவர்கள் நோய் என்று வருந்தியதை நாம் காசு கொடுத்து வாங்குகின்றோம். தேர்வில் பசலைக்கு இலக்கணம் எழுதி முழு மதிப்பெண் பெறும் மாணவியே வீடு சென்று வெளுப்புக் களிம்பு பூசுகிறாள் எனில், நம் பாடம் எங்கே நின்றுவிட்டது?

இது வெறும் அழகியல் வழக்கன்று. கேரளத்து மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக நோய் மருத்துவர்கள் கண்டறிந்த செய்தி வெளிவந்துள்ளது. 2021 சூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் கழியும் ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்தவர் 22 பேர். அவர்களுள் 15 பேரிடம் நோயின் ஓர் அரிய வகை காணப்பட்டது. அப்பதினைவருள் 13 பேர் நோய்க்கு முன் வெளுப்புக் களிம்பு பூசி வந்தவர்கள். களிம்புகளில் இருந்தது பாதரசம். உறை ஒழுங்காக இல்லாத, எங்கிருந்து வந்தது என்று தெரியாத களிம்புகள் அவை. பாதரசம் தோலின் நிறமியைத் தடுத்து வெளுப்பைக் காட்டும். தோல் வழியே உட்சென்று சிறுநீரகத்தில் தங்கும். வெளிநாட்டிலிருந்து வருவோர் பெட்டியில் களிம்பு கொண்டுவரும் வழக்கம் அங்கு மட்டும் உள்ளதன்று என்பது இம்மலரைப் படிக்கும் குடும்பங்களுக்குத் தெரியும். இன்னொரு வகைக் கேடு ஸ்டீராய்டு கலந்த களிம்புகளால் வருவது. முதல் மாதம் முகம் பளிச்சிடும். பின்னர்த் தோல் மெலிந்து, பரு மலிந்து, வெயிலில் நிற்க முடியாமல் போகும். 2018 மார்ச்சில் நடுவண் அரசு இத்தகைய மேற்பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதவற்றுள் சேர்த்தது. விதி இருக்கிறது, கடைக்காரரிடம் பெயரைச் சொன்னால் எடுத்துத் தரும் வழக்கமும் இருக்கிறது.

கற்றாழைப் படம் அச்சிட்ட புட்டிகளைப் பற்றியும் சில சொற்கள். 2016இல் அமெரிக்காவில் புளூம்பெர்க் செய்தி நிறுவனம், பெருங்கடைகள் நான்கில் அவர்தம் பெயரிலேயே விற்ற கற்றாழைக் களிம்புகளை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தது. கற்றாழைக்கு அடையாளமான மூன்று பொருள்களில் ஒன்றும் மூன்று புட்டிகளில் தென்படவில்லை. நான்காவதில் ஒன்று மட்டும் இருந்தது. செய்தவர்கள் அம்முடிவை மறுத்தனர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டு விதிப்படி அழகுப் பொருள்களின் உறையில் உட்பொருள்களை அளவில் மிகுந்தது முதலாக வரிசைப்படுத்தி அச்சிட வேண்டும். கற்றாழை அங்கே ஆங்கில எழுத்தில் அலோ பார்படென்சிஸ் என்றிருக்கும். மேற்கிந்தியத் தீவான பார்படோஸில் பயிராக்கி ஏற்றுமதி செய்த காலத்தில் ஒட்டிய பெயர் அது. அப்பெயர் வரிசையில் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தால் புட்டியின் கதை தெரிந்துவிடும். நிறமூட்டிக்கும் நறுமணத்திற்கும் அருகே கடைக்கோடியில் நின்றால், படத்திற்கு மட்டும் காசு கொடுக்கிறோம் என்று பொருள். கற்றாழைச் சோற்றுக்கு இயல்பில் பச்சை நிறமே கிடையாது என்பதையும் புட்டியைக் கையில் எடுக்கும்போது நினைவிற் கொள்க.

புட்டியே ஆகாது என்பது நம் கருத்தன்று. விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை எங்கே போய் மடல் அறுக்கும்? நல்ல நிறுவனத்தின் களிம்பில் மஞ்சள் பாலை நீக்கியே சோற்றைச் சேர்ப்பர், கெடாமலும் இருக்கும். பச்சைச் சோறோ வெட்டிய சிறிது நேரத்திலேயே நிறம் மாறத் தொடங்கும். குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் ஓரிரு நாளுக்கு மேல் நம்ப முடியாது. எதுவாயினும் முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு முகத்திற்குக் கொண்டுசெல்வதே முறை. வெங்காயம், பூண்டு ஒவ்வாத சிலருக்குக் கற்றாழையும் ஒவ்வாமற் போவதுண்டு.

குடிப்பதைப் பற்றிச் சுருங்கச் சொல்வோம். அது நம் பொருளன்று. கோடையில் நெடுஞ்சாலையோரம் மோரில் கற்றாழை அடித்துத் தருகிறார்கள். அலசிய சோறு என்றால் குற்றமில்லை. தோலோடு அரைத்தது என்றால் வேண்டா. மஞ்சள் பால் கலந்த பேதி மருந்துகளை அமெரிக்க மருந்துத் துறை 2002இல் கடை விற்பனையிலிருந்து விலக்கியது. முழு மடற் சாற்றைப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்னும் பட்டியலில் உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு சேர்த்துள்ளது. கருவுற்ற பெண்கள் தொடவே கூடாது.

சுடுகாயம் பற்றி மட்டும் சற்று விரித்துக் கூற வேண்டும், ஏனெனில் இங்கே பிழைத்தால் இழப்பு பெரிது. கையில் சூடு பட்டவுடன் மடல் தேடி ஓடுவதே நம் ஊர் வழக்கம். சிலர் பற்பசையும், சிலர் மையும், சிலர் மாவும் அப்புவர். முதலில் செய்ய வேண்டியது ஒன்றே: ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் காட்டுதல். பனிக்கட்டி கூடாது. தோல் சிவந்து எரிவதோடு நின்ற சிறு காயமானால், அதன்பின் அலசிய கற்றாழைச் சோற்றைத் தடவலாம், சுகம் தெரியும். கொப்புளம் வெடித்திருந்தால், தோல் உரிந்திருந்தால், காயம் பட்டவரின் கையகலத்தைவிடப் பெரிதாயிருந்தால், முகத்திலோ மூட்டிலோ பட்டிருந்தால், குழந்தையானால், எதையும் பூசாமல் சுத்தமான துணியால் தளர மூடி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கொட்டாம்பட்டிப் பக்கத்தார்க்கு மேலூரில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெருங்காயத்திற்கு மதுரை இராசாசி மருத்துவமனை. 108 வண்டி வரும். தோட்டத்து மடலில் மண்ணும் கிருமியும் இருக்கும் என்பதையும், திறந்த புண்ணில் அவை நேரே இறங்கும் என்பதையும் முதியோர் மனங்கொள்ள வேண்டும். பல காலம் வீட்டில் கற்றாழை பூசிக் குணமானவர்களை எல்லாரும் அறிவர். பூசிக்கொண்டே நாளைக் கடத்திச் சீழ் பிடித்துச் சென்றவர்களை மருத்துவமனைச் செவிலியர் அறிவர்.

வானம் பார்த்த நிலத்தில் கிடக்கும் இச்செடியால் கொட்டாம்பட்டிப் பக்கத்து உழவர்க்கு வருவாய் வருமா என்று மாணவர் சிலர் கேட்கின்றனர். இராசத்தான் மாநிலம் இராசசமந்து மாவட்டத்துப் பிப்லாந்திரி என்னும் ஊர் ஒரு விடை தருகிறது. பளிங்குக்கல் வெட்டிக் குடைந்த நிலம் அது. பெண்குழந்தை பிறந்தால் 111 மரம் நடும் வழக்கத்தால் பெயர் பெற்றது. நட்ட மரங்களைக் கறையான் அரிக்காமலிருக்கச் சுற்றிலும் கற்றாழை வைத்தார்கள். அது பல இலட்சமாய்ப் பெருகவே ஊர்ப் பெண்களே சாறும் களிம்பும் செய்து விற்கத் தொடங்கினர். கல் வெட்டிக் குழி விழுந்த நிலம் என்றதும் மேலூர் வட்டத்தார்க்குத் தம் ஊர் நினைவுக்கு வரக்கூடும். சார்க்கண்டில் இராஞ்சிக்கு அருகிலுள்ள தேவரி என்னும் சிற்றூரையும் கற்றாழைக் கிராமம் என்றே அழைக்கின்றனர். இவ்விரு ஊர்களிலும் செடி வளர்ந்தது மட்டும் அன்று, மடலைப் பக்குவப்படுத்தும் வேலையும் ஊருக்குள்ளேயே நடந்தது. நீர் நிறைந்த மடல் எடை மிகுந்தது; வெட்டிய பின் காலம் தாழ்த்தினால் கெடுவது. தொலைவிலுள்ள ஆலையை நம்பி ஏக்கர் கணக்கில் நட்டவர், ஆலை வாங்க வராத ஆண்டில் என்ன செய்வார்? நடுவதற்கு முன் வாங்குபவர் யார், வண்டிச் செலவு யாருடையது என்பவற்றை எழுத்தில் பெறாமல் இதில் இறங்க வேண்டா என்பதே நம் கருத்து.

நிர்வாகத்தினரிடம் ஒரு விண்ணப்பம். பெண்கள் விடுதியின் பின்புறம், கை கழுவும் நீர் ஓடும் வாய்க்கால் ஓரம் ஏழெட்டு அடி நிலம் சும்மா கிடக்கிறது. அங்கே பத்துச் செடி வைக்கலாம், வேலையாள் தேவையில்லை. சமையற்கூடத்திலிருந்து ஒரு கத்தியும் ஒரு கிண்ணமும் தந்தால் போதும். மடலை எப்படி நிறுத்தி வைப்பது என்பதை முதல் வாரம் நாமே வந்து காட்டுவோம்.